சாவு சேதி சுமந்து நடந்தவனுக்கு

மச்சான்,

உன்னைப் பாதையில் கொண்டுபோக விடவில்லை. வயலுக்குள் இறக்கி, முழங்கால் சேற்றில் தூக்கிப் போக வைத்தார்கள். நடந்த அநியாயம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

நம் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில், உன் அப்பாவையும் என் அப்பாவையும் கொண்டுபோன அதே பாதையில், பெரிய வீட்டுப் பேரன் கம்பி வேலி இழுத்து, கேட் போட்டுப் பூட்டியிருக்கிறான். சாவி கேட்டு ஆள் அனுப்பினோம். "பட்டா எடம்னு சொல்லிட்டாரு, அதுக்கு மேல பேசல" என்று போனவன் திரும்பி வந்தான். உன்னை வாசலில் வைத்துக்கொண்டு உச்சிவெயில் வரை காத்திருந்தோம். பிறகு உன் பெரிய மகன், திருப்பூரிலிருந்து வந்தவன், "பரவால்ல மாமா, இருட்டறதுக்குள்ள முடிச்சுடுவோம்" என்றான். நட்டுச் சில நாளே ஆன வயல். அதுவும் நம் தெரு ஆள் குத்தகைக்கு எடுத்து நட்டது. அவன் வரப்பில் நின்று, "மிதிச்சுக்கிட்டுப் போங்க, பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நடு வயலில் உன் சின்ன மகன் வழுக்கி முட்டி போட்டு விழுந்தான். பாடை ஒரு பக்கம் சரிந்தது. உன் தலை அசைந்ததை நான் பார்த்தேன்.

கிழவன் தோள் கொடுக்க வேண்டாம் என்றார்கள். கொடுத்தேன்.

வந்து குளித்தேன். மறுநாளும் குளித்தேன். நகக்கண்ணில் புகுந்த சேறு போகவில்லை. மக்கிய வேரும் கோரையும் கலந்த அந்த வாசம் விரலைப் பிரிக்கும்போதெல்லாம் வருகிறது. இதே வாசம் நம் இரண்டு பேர் காலிலும் ஒரு நாள் முழுக்க ஒட்டிக்கொண்டு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நம் ஊரிலிருந்து ஏரிக்கு அப்பால் வரை நடந்து போய், நடந்து திரும்பிய நாள். அதைப் பற்றி நாம் அதிகம் பேசியதில்லை. பேச வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது. இப்போது வந்துவிட்டது. உன் பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியாது. வேலி போட்டவனுக்கும் தெரியாது.

எனக்கு எழுதப் படிக்க யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பஸ் போர்டையும் டீக்கடைப் பேப்பரையும் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். அதனால் பிழை இருக்கும். எழுத்தில்தான் இருக்கும், விஷயத்தில் இருக்காது.

எழுபதுகளின் கடைசி. பெரம்பலூர், அரியலூர் எல்லாம் திருச்சி ஜில்லாவுக்குள் கிடந்த காலம். விக்கிரமங்கலத்துக்கு பஸ் வரும், போகும். அதைத் தாண்டிய ஊர்களுக்குக் கால்தான். பெரிய வீட்டில் யாராவது செத்துப் போனால், சொந்தக்காரர்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் சேதி சொல்லப் போக வேண்டியது நம் தெருதான். யாரும் கேட்டுப் போனதில்லை. "ரெண்டு பேரு கெளம்புங்க" என்று சொன்னால் இரண்டு பேர் கிளம்ப வேண்டும். சாவு சேதிக்கு ஒற்றை ஆளாகப் போகக் கூடாது. ஊருக்குள் நுழையும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். வாசலுக்கு வெளியே தெருவில் நின்று சொல்ல வேண்டும். சொன்ன வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. கூடாது என்று சொல்லாவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டார்கள், அது வேறு.

மார்கழி மாதம். விடிவதற்கு முன்னாலேயே பெரிய வீட்டுக் கிழவி போய்விட்டாள். சின்னவர், கிழவியின் இளைய மகன், களத்தில் நின்றுகொண்டு நமக்கு உத்தரவு சொன்னார்.

"மூணு வூடு. மொதல்ல எங்கம்மா பொறந்த வூடு, எங்க மாமாவுக்கு. அவருக்குச் சொன்ன பொறவுதான் மத்த ரெண்டு வூட்டுக்கும். மாத்திச் சொன்னீங்கன்னா தெரியும்."

பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி வந்து போர்த்தாமல் பிணத்தை எடுக்க முடியாது. அந்த வீட்டாருக்கு முதலில் சொல்வதுதான் மரியாதை. அதெல்லாம் நமக்கும் தெரியும். ஆனால் அந்த வீடு இருந்தது ஏரிக்கு அந்தக் கரையில், திருமானூர்ப் பக்கம். மற்ற இரண்டு வீடுகளும் போகிற வழியில். அவர் சொன்னபடி செய்ய வேண்டுமானால், வழியில் உள்ள இரண்டு ஊரையும் வாய் திறக்காமல் தாண்டிப் போக வேண்டும், ஏரியைச் சுற்றிப் போய்ச் சொல்ல வேண்டும், திரும்பி வந்து இரண்டு ஊரிலும் சொல்ல வேண்டும். அதற்குள் பொழுது போய்விடும், அந்தச் சொந்தக்காரர்கள் பிணத்தைப் பார்க்கவே மாட்டார்கள். இதைச் சின்னவரிடம் சொல்ல யாருக்கு வாய் இருந்தது?

கரிசல் காட்டில் இறங்கியபோது பனி விழுந்துகொண்டிருந்தது. ஈரக் கரிசல். பருத்திக்கும் கொத்தமல்லிக்கும் நடுவே ஒற்றையடித் தடம். ஒவ்வொரு அடிக்கும் உன் டயர் செருப்பில் மண் அப்பி அப்பி, கொஞ்ச நேரத்தில் கட்டை கட்டி நடக்கிறவன் மாதிரி உயர்ந்துவிட்டாய். நின்று குச்சியால் வழித்துப் போட்டாய். நாலு அடி போனதும் மறுபடி உயர்ந்தாய்.

"என்ன மாப்ள, பின்னாடியே வர்ற? ஒனக்குப் போயி என் தங்கச்சியக் குடுத்தேன் பாரு. காட்டத் தாண்டறதுக்குள்ள நாக்குத் தள்ளுது."

"ஒன் தங்கச்சி ராத்திரி ஆக்குன கூழு அப்படி மச்சான்."

"அதக் கட்டிக்கிறப்பவே கேட்டிருக்கணும்."

அப்படித்தான் போனோம். வேலை நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக வாய் சும்மா இருக்காது. ஓடையைத் தாண்டி முந்திரிக்காட்டு ஓரமாக ஏறும்போதுதான் நீ அந்த யோசனையைச் சொன்னாய்.

"வழியில இருக்கற வூட்டுக்கு வழியிலயே சொல்லிட்டுப் போயிடுவோம் மாப்ள."

"சின்னவரு சொன்னது?"

"சின்னவரு சொன்னாரு. நடக்கறது யாரு? அந்தக் கிழவிக்கு ஒரு மவ இருக்கு இந்த ஊருல. பெத்த தாயி மொகத்தப் பாக்க வேணாமா அது? மாமனுக்கு மொறை இருக்குன்னா மவளுக்கு இல்லையா?"

நான் மறுக்கவில்லை. இன்று கேட்டாலும் மறுக்க மாட்டேன். அந்த யோசனையில் ஒரு தப்பும் இல்லை. பின்னால் அதை எத்தனையோ பேர் நம் தலையில் குற்றமாகக் கட்டினார்கள். கட்டினவர்களில் ஒருவன்கூட அந்தத் தடத்தில் நடந்ததில்லை.

முந்திரி முடிந்ததும் முள்ளுக்காடு. அதற்குள் தடம் என்று ஒன்று கிடையாது, ஆடு போன சந்துதான். வேலாமரமும் சூரையும் சட்டையைப் பிடித்து இழுத்தன. அங்கேதான் உன் செருப்பின் வார் அறுந்தது. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுமையுமாகக் கொஞ்ச தூரம் வந்தாய். பிறகு "அம்மா" என்று மெல்ல ஒரு சத்தம். குதிகாலில் வேலாமுள். உட்கார்ந்து இழுத்தாய். பாதிதான் வந்தது. மீதி உள்ளேயே ஒடிந்துவிட்டது. இன்னொரு முள்ளால் கிளறிப் பார்த்தேன். ரத்தம் வந்ததே தவிர முள் வரவில்லை.

"வுடு. போற வழியில தானா வந்துடும்" என்றாய். அது வரவில்லை என்பது உனக்கே தெரியும்.

மகள் வீட்டு வாசலில் நீதான் சொன்னாய். எப்போதும் நீதான் சொல்வாய். எனக்கு அந்த வார்த்தை வராது. செத்துட்டாங்க என்று சொல்லக் கூடாது. "அம்மா தவறிட்டாங்க தாயி. பெரிய வூட்டுலேருந்து வாரோம்" என்றாய். அந்த அம்மாள் முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் கையிலேயே இருந்தது. அப்புறம் அவள் அலறியதில் தெருவே வெளியே வந்தது. நாம் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அழுகையின் முதல் சத்தம் அடங்கும் வரை நகரக் கூடாது என்பது உன் வழக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

கிளம்பும்போது அவள் வாசலுக்கு ஓடி வந்து கேட்டாள். "கடசியா என்ன சொன்னாங்க? என்னக் கேட்டாங்களா?"

நமக்கு என்ன தெரியும்? நாம் அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டியதே இல்லை. நீ கொஞ்சமும் தயங்காமல், "ஒங்களத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்கம்மா" என்றாய்.

ஊரைத் தாண்டியதும் நான் உன்னைப் பார்த்தேன்.

"என்ன பாக்கற? கேட்டிருப்பாங்க. ஒரு மவ, கேக்காம இருப்பாங்களா?" என்றாய். சற்று நேரம் கழித்து, வேறு குரலில், "இவுங்க அழுவறத மொதல்ல பாக்கறது நாமதான் மாப்ள. நாம அழுவறத இவுங்கள்ல ஒருத்தன் பாத்திருப்பான்?" என்றாய். எனக்கு மூச்சு வாங்கியது.

அந்த அம்மாளின் மகன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தன் அம்மாவின் மாமன் வீட்டுக்கு, ஏரிக்கு அந்தப் பக்கம், ரோட்டு வழியாகக் கிளம்பியது நமக்குத் தெரியாது. நாம் இரண்டாவது வீட்டிலும் சொல்லிவிட்டு வயல்வெளியில் இறங்கிவிட்டோம்.

அந்த வயல்வெளியை இன்றைக்குப் பார்க்கிறவர்கள் அழகு என்பார்கள். பால் பிடித்த நெல், கண்ணுக்கு எட்டிய வரை. வெளியூர்க்காரர்கள் பறவை பார்ப்பதற்காகவே ஏரிப் பக்கம் வந்து, படம் எடுத்துக்கொண்டு, நடக்கவே சுகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்களாம். நடக்கட்டும். வேண்டும் என்று நடப்பது வேறு, அனுப்பி நடப்பது வேறு. எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் வரப்பு வழுக்கியது என்பதும், நீ குதிகாலைத் தரையில் வைக்காமல் முன்காலில் நடந்தாய் என்பதும்தான். நண்டு வளை வெட்டிய இடங்களில் வரப்பு உள்வாங்கும். உன் கால் உள்ளே போகும். பல்லைக் கடித்துக்கொள்வாய்.

ஏரியைக் கரைவழியாகச் சுற்றினால் பொழுது சாய்ந்துவிடும் என்று ஓரத்துச் சதுப்பில் குறுக்கே இறங்கினோம். கோரையும் நாணலும் ஆள் உயரம். தண்ணீர் தொடை வரை, அதற்குக் கீழே சேறு முழங்கால் வரை. ஒரு காலைப் பிடுங்கினால் இன்னொரு கால் இறங்கும். வேட்டியைத் தலையில் கட்டிக்கொண்டோம். கிட்டப் போனதும் நாரைகளும் தாராக்களும் மொத்தமாகக் கிளம்பி, தலைக்கு மேலே ஒரு கூரை மாதிரி போயின. நீ நின்று அண்ணாந்து பார்த்தாய்.

"எந்தெந்த ஊருலேருந்தோ வருதாம் இதெல்லாம். யாரு செத்துட்டாங்கன்னு சொல்ல வந்துச்சுவளோ" என்றாய்.

சிரிக்கத் தெம்பில்லை எனக்கு. உனக்கும் இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மீதிச் சேற்றைத் தாண்டினாய். கரையேறி மதகுக்குப் பக்கத்தில் விழுந்தோம். காலைக் கழுவிப் பார்த்தபோது குதிகால் வீங்கி, முள் இருந்த இடம் தெரியாமல் மூடிக்கொண்டிருந்தது. கூழ் எப்போதோ செரித்துவிட்டது. மதகில் ஒழுகிய தண்ணீரை அள்ளிக் குடித்தோம். "இன்னும் ஒரு வூடு" என்றேன். "ம்" என்றாய். எழுந்திருக்க உனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறந்த வீட்டுத் தெருவில் நாம் நுழைந்தபோதே சாவு விழுந்த வீடு மாதிரிக் கூட்டம். வாசலில் கிழவியின் அண்ணன்காரர், நரைத்த மீசை, தோளில் துண்டு. பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மகள் வீட்டுப் பையன். அவனைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. உனக்கும் விளங்கியது. ஆனாலும் முறைப்படி நின்று, கையைக் கட்டி, "அம்மா தவறிட்டாங்க சாமி" என்றாய்.

"இப்பச் சொல்றியா?" என்றார் அவர்.

நீ கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

"என் தங்கச்சி செத்தத ஊரெல்லாம் கேட்ட பொறவு நான் கேக்கணுமா? இந்தப் பய சைக்கிள்ல வந்து சொல்றான், நான் நிக்கறேன் தெரியாதவனாட்டம். அவளத் தூக்கி வளத்தவன்டா நானு. ஒங்கள யாரு முந்தி எங்க சொல்லச் சொன்னா?"

அவர் கண் சிவந்திருந்தது. அவர் தங்கச்சி மேல் பிரியம் உள்ளவர்தான், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. அழ வேண்டிய அழுகையை நம் மேல் கோபமாக இறக்கினார். அவருக்கு அதற்கு நாம் வசதியாக எதிரில் நின்றோம்.

"வழியில இருந்துச்சுங்க. பெத்த மவ, அதுக்கும் தெரியணும்ல" என்றாய்.

"வாயப் பாரு. இந்தச் சேதிய நான் ஏத்துக்கல. போ. வந்த வழியே போயி, பெரிய வூட்டுல சொல்லிட்டு, மொறையா மறுபடி வந்து எனக்கு மொதல்ல சொல்லு. அது வரைக்கும் இந்த வூட்டுலேருந்து கோடி வராது."

அவர் கோடி எடுத்து வராவிட்டால் அங்கே பிணம் கிடக்கும். கிடந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். பெரிய வீட்டுக் களத்தில் என்ன நடக்கும் என்பதும், அடுத்த அறுப்பில் நம் தெருவில் யார் கையிலும் அரிவாள் இருக்காது என்பதும் நமக்குத் தெரியும். நான் திரும்பி வந்த வழியைப் பார்த்தேன். ஏரி, சேறு, வயல், முள், கரிசல். உன் குதிகாலைப் பார்த்தேன்.

நீ உட்கார்ந்தாய்.

அந்தத் தெருவில், அவர் வாசலுக்கு எதிரே, நடுத் தெருவில், காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். நம் ஆள் அங்கே உட்கார்ந்து அந்தத் தெரு பார்த்ததில்லை. யாரோ "டேய்" என்றார்கள். நீ நிமிர்ந்து அந்த அண்ணன்காரரை மட்டும் பார்த்துச் சொன்னாய். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

"சேதி சொல்லியாச்சுங்க. நீங்களும் கேட்டாச்சு. மறுபடி சொல்லணும்னா அவுங்க மறுபடி சாவணும். அது என்னால ஆவாதுங்க."

யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றினார். அண்ணன்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். நான் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் கால் எவ்வளவு வலித்தது என்பது தெரிந்தது. அடி விழுந்திருந்தாலும் எழுந்திருக்க என்னால் முடிந்திருக்காது. அந்த அளவுக்கு அலுப்பு. அதை வீரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்று நாம் நடந்த தூரம்தான் நம்மை உட்கார வைத்தது. ஆனால் உட்கார்ந்த பிறகு எழுந்திருக்காமல் இருந்தது நீ.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவி, அவர் சம்சாரமாக இருக்க வேண்டும், வாசலுக்கு வந்து பார்த்தாள். "ஏங்க, பொழுது போவுது. பொணம் எடுக்கறதுக்கு முன்னாடி போயிச் சேரணுமா, இந்த ரெண்டு பேருகிட்ட ஞாயம் பேசணுமா?" என்று உள்ளே போய்விட்டாள். அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டு, வில்வண்டியைப் பூட்டச் சொன்னார். கோடித்துணி வண்டியில் ஏறியது. நம்மைச் சுற்றிக்கொண்டு வண்டி போனது. நீ காலைக்கூட மடக்கவில்லை.

அந்த வண்டி நம் ஊருக்குத்தான் போனது. பின்பக்கம் காலியாக இருந்தது. ரோட்டில் அதன் பின்னாலேயே நடந்தோம். மாட்டு மணிச் சத்தம் முன்னால் போய்க்கொண்டே இருந்தது, பிறகு கேட்கவில்லை.

"வண்டி காலியாத்தான் போவுது மாப்ள" என்றாய்.

"ஏறிக்கிறியா?"

"வேணாம். ஆட்டம் ஒத்துக்காது எனக்கு."

எப்படித் திரும்பி வந்தோம் என்று எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். பாதி தூரம் உன்னை நான் தாங்கினேன், மீதி தூரம் நீ என்னைத் தாங்கினாய். கரிசலில் விழுந்து கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தோம். ஊர் வந்தபோது பெரிய வீட்டுப் பிணத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். உன் தங்கச்சி உன் காலைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினாள்.

மூன்றாம் நாள் களத்துக்குக் கூப்பிட்டார்கள். சின்னவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நீ ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றாய்.

"ஒன்னால கோடி வராம மானம் போயிருக்கும்டா எங்களுக்கு."

"வந்துடுச்சுல்லங்க."

"திமிரு. அடுத்த தடவ..."

"அடுத்த தடவ நான் போவலங்க. கால் ஒத்துக்கல."

"கால் சரியானதும் போ."

"சரியாவாதுங்க" என்றாய்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழுந்தபோது ஆள் கூப்பிட வந்தார்கள். முதல் வீட்டில் கேட்டால் கால் வலி. இரண்டாவது வீட்டில் கால் வலி. தெரு முழுக்கக் கால் வலி. யாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதில்லை. அவர்கள் நமக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். நீ வீங்கிய காலோடு எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனாய். நானும் வந்தேன். சிலர் சுண்ணாம்புக்கல் வெட்டப் போனார்கள். பட்டினி கிடந்தோம், அதை மறைக்க என்ன இருக்கிறது. அடுத்த அறுப்புக்கு வெளியூர் ஆள் கிடைக்காமல் அவர்களே வந்து கூப்பிட்டார்கள். அறுக்கப் போனோம். சாவு சேதி சொல்ல அதற்கப்புறம் நம் தெருவிலிருந்து ஒரு ஆளும் போகவில்லை.

இன்றைக்குப் பிள்ளைகள், "அதெல்லாம் காலம் மாறுனதும் தானாப் போயிடுச்சு தாத்தா, போன் வந்துடுச்சுல்ல" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. போன் வந்தது எப்போது? நீ உட்கார்ந்தது எப்போது? காலம் தானாக மாறவில்லை. முள் ஒடிந்த காலோடு ஒருவன் நடுத் தெருவில் உட்கார்ந்தான், அதனால் நின்றது.

உன் கால் கடைசி வரை முழுதாகச் சரியாகவில்லை. மழைக்கு முன்னால் வலிக்கும். வெந்நீரில் வைத்துக்கொண்டு, "அந்தக் கிழவி இன்னும் வுடல மாப்ள" என்பாய். அப்படி நடந்த உன்னைத்தான், உன்னை அனுப்பிய வீட்டின் பேரன், கடைசியாக நீ போக வேண்டிய கொஞ்ச தூரத்துக்கும் பாதையில் விடவில்லை. உன் காலால் நடக்க வேண்டியதுகூட இல்லை. நாங்கள் தூக்கித்தான் போகிறோம். அதற்கும் வழி இல்லை என்றான்.

வயதானால் கோபம் ஆறிவிடும் என்று சொன்னார்கள். என்னுடையது ஆறவில்லை. எனக்கு உடம்பில் வேறு ஒன்றும் திடமாக இல்லை, கண் மங்கிவிட்டது, படி ஏறினால் இளைக்கிறது. இது ஒன்றுதான் கெட்டியாக இருக்கிறது. உன்னிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இதுதான். கீழே வைக்க மாட்டேன்.

அதனால் இனி ஆக வேண்டியதை எழுதுகிறேன்.

பெரிய வீட்டுப் பேரன் வேலியைப் பிரிக்க வேண்டும். கூலியாளை விட்டுப் பிரிக்கக் கூடாது, அவனே வந்து பிரிக்க வேண்டும்.

தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயர் வந்து பாதையை அளந்து இரண்டு பக்கமும் கல் நட வேண்டும். மனுவை நான் எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட வேண்டியது தெரு. வீட்டுக்கு ஒரு கையெழுத்து, பெண்களுடையதும்.

ஊராட்சித் தலைவி நம் தெருப் பெண். அவள் இந்தப் பாதைக்குத் தீர்மானம் போட வேண்டும். போடும் முன்னால் அந்த வீட்டில் போய்க் கேட்கக் கூடாது.

மிதித்த நாற்றை நம் தெரு கூடி அந்தக் குத்தகைக்காரனுக்குத் திரும்ப நட்டுக் கொடுக்க வேண்டும். இந்த வாரமே.

உன் பெரிய மகன் திருப்பூரிலிருந்து மறுபடி வர வேண்டும். பரவாயில்லை என்ற வார்த்தையை அவன் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் ஆவதற்கு முன்னால் நம் தெருவில் ஒரு சாவு விழுந்தால், அது நானாகத்தான் இருக்கும். அப்போது என் மகன்கள் என்னை வயலில் இறக்கக் கூடாது. பாதை வழியாகத் தூக்கி வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் பாடையை இறக்கி வைக்க வேண்டும். வெயிலோ மழையோ, எத்தனை நேரமானாலும், கேட்டைத் திறக்கும் வரை யாரும் தோள் கொடுக்கக் கூடாது. இறக்கி வைப்பது என் பிள்ளைகள் வேலை. திறப்பது அவர்கள் வேலை.